கத்தியது, காதில் விழவில்லை: கிட்லேப் 2017 நிகழ்வு ஆய்வு

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துக் கூட்டாக வேலை செய்யும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைக் கேள்விப்படாத சிஸ்டம் அட்மின்கள் குறைவு. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் ஒரு ஃபோல்டரை அழித்தார். சுமார் 300 ஜிபி தரவுத்தளம் ஓரிரு நொடிகளில் 4.5 ஜிபி ஆகிப்போனது. இந்தக் கதையை யார் சொன்னாலும் அந்த அழிக்கும் கட்டளையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அது அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை. களைத்துப்போன ஒருவர் ராத்திரி நேரத்தில் விண்டோ மாற்றித் தட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்த நாளில் யார் கையும் படாமல் தானாக ஓடிய, அல்லது ஓடுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த கட்டளைகள் சில உண்டு. இந்த ஆய்வு அவற்றைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு விவரமாக எழுத முடிவதற்குக் காரணம் அந்த நிறுவனமேதான். மீட்பு வேலை நடக்கும்போதே குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி ஒரு கூகுள் ஆவணத்தில் எழுதினார்கள்; யூடியூபில் நேரலை செய்தார்கள்; ஒரு கட்டத்தில் ஐயாயிரம் பேர் வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 10 அன்று முழு அறிக்கையும் வந்தது. தவறு செய்தவரின் பெயரை மறைத்தார்கள், தவறை மறைக்கவில்லை.

அமைப்பு எப்படி இருந்தது

கிட்லேப் அப்போது மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 9.6. முதன்மை சர்வர் ஒன்று, அதன் நகலாக இரண்டாவது சர்வர் ஒன்று. இணையதளத்தின் நிரல் ஓடும் அப்ளிகேஷன் சர்வர்கள் தனி. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தரவைப் பாதுகாக்கக் காகிதத்தில் பல அடுக்குகள் இருந்தன. இரண்டாவது சர்வர் முதன்மையின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிஜி-டம்ப் என்ற கருவி முழுத் தரவுத்தளத்தையும் எடுத்து அமேசானின் எஸ்3 என்ற இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றும். அதேபோல நாளுக்கு ஒருமுறை, உலகப் பொது நேரமான யுடிசிப்படி 01:00-க்கு (நமக்குக் காலை 6:30), வட்டின் எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் வட்டு இருந்தபடியே ஒரு நகல்) எடுக்கப்பட்டு, சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றப்படும். அஷூரே வட்டுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துத் தரும் வசதியும் இருந்தது. ஆனால் அதைக் கோப்பு சர்வர்களுக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள். தரவுத்தளத்துக்குத்தான் மற்ற பேக்கப் இருக்கிறதே, போதும் என்ற எண்ணம்.

அந்த ‘இருக்கிறதே’ என்ற சொல்லை நம்மில் யார் சொன்னதில்லை?

அன்று மாலை

மாலை 17:20 யுடிசிக்கு, அதாவது இந்திய நேரம் இரவு 10:50-க்கு, ஒரு பொறியாளர் கையாலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தார். பேக்கப்புக்காக அல்ல. தரவுத்தளத்தின் சுமையைப் பங்கிடும் பிஜிபூல் என்ற மென்பொருளை ஸ்டேஜிங்கில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் தானாக எடுக்கப்பட்ட நகல் பழையது, கொஞ்சம் புதியதாக இருந்தால் நல்லது என்று நினைத்தார். அவ்வளவுதான்.

19:00 மணிவாக்கில் தரவுத்தளத்தில் சுமை ஏறியது. ஸ்பேம் ஆசாமிகளின் வேலை என்று சந்தேகித்தார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி பிறகுதான் தெரிந்தது: பின்னணியில் ஓடும் ஒரு ஜாப், கிட்லேப்பின் சொந்த ஊழியர் ஒருவரின் கணக்கையும் அவருடைய மொத்தத் தரவையும் அழிக்க முயன்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு விஷமி அந்தக் கணக்கின் மேல் முறைகேடு என்று புகார் தட்டியிருக்கிறார். புகார்களைப் பார்ப்பவர் கவனிக்காமல் நீக்குவதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தானியங்கி. வரிசையில் போனது, முறை வந்தது, ஓடியது. ஜாப் தன் பங்குக்குச் சரியாகத்தான் ஓடியது. ‘இந்தக் கணக்கில் இவ்வளவு தரவு இருக்கிறதே, உண்மையாகவே அழிக்கலாமா?’ என்று நடுவில் நின்று கேட்கும் ஒரு படியை யாரும் அதில் வைக்கவில்லை.

சுமை கூடியதால் இரண்டாவது சர்வர் பின்தங்கியது. அதற்கு இன்னும் போய்ச்சேராத மாற்றப் பதிவுகளை முதன்மை சர்வர் தன் வழக்கப்படி சுத்தம் செய்துவிட்டது. அவற்றை வேறு இடத்தில் சேமித்துவைக்கும் ஏற்பாடு கிடையாது. இனி ஒரே வழி, இரண்டாவது சர்வரின் தரவு ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, பிஜி-பேஸ்பேக்கப் என்ற கருவியால் முதன்மையிலிருந்து முழுவதையும் மறுபடி நகலெடுப்பது.

அந்தக் கருவி முதலில், நகலெடுப்பதற்கென்று ஒதுக்கிய இணைப்பு எண்ணிக்கை போதவில்லை என்றது. கூட்டினார்கள். போஸ்ட்கிரெஸ் மறுதொடக்கம் ஆக மறுத்தது. தரவுத்தளத்துக்கான மொத்த அதிகபட்ச இணைப்புகள் என்ற வேறொரு அமைப்பு 8,000 என்று இருந்ததை 2,000 ஆகக் குறைத்தார்கள். எல்லாம் சரியானது. இப்போது கருவியை ஓட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. பிழையும் இல்லை, முன்னேற்றமும் இல்லை, சும்மா நின்றது.

உண்மையில் அது சும்மா நிற்கவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அது காத்திருக்கும். அப்படி வாய்திறக்காமல் காத்திருப்பது அதன் இயல்பு. அது அவர்களுடைய செயல்முறைக் குறிப்பில் எழுதப்படவில்லை. ஏதோ பாதியில் உருவான கோப்புகள் அடைப்பதாக நினைத்து, தரவு ஃபோல்டரை இன்னொரு முறை காலி செய்யலாம் என்று பொறியாளர் முடிவெடுத்தார். அவருடைய ஊரில் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. முன்பே கிளம்பியிருக்க வேண்டியவர், திடீரென்று பிரச்சினை முளைத்ததால் உட்கார்ந்திருந்தார். கட்டளையை இரண்டாவது சர்வரில் தட்டுவதற்குப் பதில் முதன்மையில் தட்டினார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது சர்வரோ முன்பே காலி.

அந்த இரவில் மௌனத்தைத் தவறாகப் படித்தது இரண்டு இடங்களில். வேலை செய்துகொண்டிருந்த கட்டளை பேசாமல் இருந்ததால், அது செத்துவிட்டது என்று நினைத்தார்கள். இது முதலாவது. இரண்டாவது இதைவிட மோசம்.

எஸ்3-இல் ஒன்றும் இல்லை

சரி, பேக்கப் இருக்கிறதே என்று எஸ்3 பக்கம் போய்ப் பார்த்தார்கள். காலி. மீட்டெடுக்க ஒரு பிஜி-டம்ப் கோப்பு கூட அங்கே இல்லை. தேடிப் பார்த்ததில் தெரியவந்த காரணம், தானாக ஓடும் கட்டளைகளை அமைக்கும் எவரும் நின்று பார்க்க வேண்டியது.

கிட்லேப் தன் மென்பொருளை ‘ஆம்னிபஸ்’ என்ற ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது. (நம் ஊர் ஆம்னி பஸ்ஸைப் போலவே, எல்லாச் சாமான்களும் ஒரே வண்டியில்.) அந்தப் பொதிக்குள் போஸ்ட்கிரெஸின் 9.2, 9.6 என்ற இரண்டு பதிப்புகளின் கருவிகளும் இருந்தன. எதைப் பயன்படுத்துவது என்று பொதி தானே முடிவெடுக்கும். எப்படி? அந்த சர்வரில் இருக்கும் தரவு ஃபோல்டரைத் திறந்து, அதிலுள்ள பதிப்புக் கோப்பைப் படிக்கும். 9.6 என்று இருந்தால் 9.6. இல்லையென்றால் 9.2.

இப்போது முன்பு சொன்ன பிரிவுக்கு வருவோம். பேக்கப் கட்டளை தரவுத்தள சர்வரில் ஓடவில்லை. ஒரு சாதாரண அப்ளிகேஷன் சர்வரில் ஓடியது. அங்கே தரவு ஃபோல்டரே கிடையாது. படிக்கக் கோப்பு இல்லாததால் பொதி 9.2-ஐ எடுத்துக்கொண்டது. பழைய பிஜி-டம்ப், தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டால் பதிப்பு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இது நல்ல குணம்தான். பாதி புரிந்த தரவை எடுத்துவைப்பதைவிட எடுக்காமல் இருப்பது மேல். 9.2, 9.6 என்றால் பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம் போல் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் போஸ்ட்கிரெஸுக்கு புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணும் பெரிய பதிப்பைத்தான் குறித்தது. அதே 2017 அக்டோபரில் வந்த பதிப்பு 10-இலிருந்துதான் முழு எண் முறைக்கு மாறினார்கள்.

ஆக, கட்டளை சரி, நேரம் சரி, கடவுச்சொல் சரி. ஓடிய இடம்தான் வேறு. ஒருவர் இதே கட்டளையைத் தரவுத்தள சர்வரில் உட்கார்ந்து கையால் ஓட்டிப் பார்த்திருந்தால் அழகாக ஓடியிருக்கும். நேரம் பார்த்துக் கட்டளைகளை ஓட்டும் ஷெட்யூலர் அதை வேறொரு வீட்டில், வேறொரு சூழலில் ஓட்டியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. பிடித்த என்றால் வயிற்றைக் கலக்கும் அர்த்தத்தில். கட்டளை தோற்றதும் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. பிழை என்று கத்தியது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் என்ற கருவியின் ஜாப் தோற்றால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. மின்னஞ்சலும் போனது. கிட்லேப் தன் டொமைனுக்கு டிமார்க் என்ற பாதுகாப்பைப் போட்டிருந்தது. ஒரு முகவரியின் பெயரில் வரும் மின்னஞ்சல் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் தள்ளிவிடச் சொல்லும் முறை அது. கிரானிலிருந்து கிளம்பும் மின்னஞ்சல்களுக்கு மட்டும் அந்த ஏற்பாட்டைச் செய்ய விட்டுப்போயிருந்தது. பெறும் சர்வர் அவற்றைப் போலி என்று கருதி நிராகரித்தது. தன் வீட்டு நாய் குரைத்ததை, கள்ள நாய் என்று வாசலிலேயே விரட்டிவிட்ட கதை.

இதில் தனித்தனியாக எடுத்தால் எந்த முடிவும் முட்டாள்தனம் அல்ல. டிமார்க் போட்டது நல்ல பழக்கம். பேக்கப்பை வேறு சர்வரிலிருந்து எடுத்ததற்கும் நியாயம் சொல்லலாம். தோல்விக்கு மின்னஞ்சல் வைத்ததும் சரி. மின்னஞ்சல் வராத ஒவ்வொரு காலையையும் ‘நேற்று பேக்கப் நன்றாக நடந்தது’ என்று படித்ததில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

கிரான் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

லினக்ஸில் கிரானுக்கு வயது அதிகம். நாம் பரவலாகப் பயன்படுத்தும் வடிவத்தின் மூலத்தை பால் விக்ஸி 1987-இல் எழுதினார். ‘0 1 * * *’ என்று ஒரு வரி எழுதினால் தினமும் ஒரு மணிக்குக் கட்டளை ஓடும். இதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் ஆபத்து.

விக்ஸி கிரான் கட்டளை வென்றதா தோற்றதா என்று பார்த்து மின்னஞ்சல் அனுப்புவதில்லை. கட்டளை எதையாவது அச்சிட்டால் அதை அனுப்பும், அச்சிடாவிட்டால் அனுப்பாது. எனவே நன்றாக ஓடி நாலு வரி பேசும் கட்டளைக்கும் மின்னஞ்சல் வரும், பேசாமல் செத்துப்போகும் கட்டளைக்கு வராது. தினமும் வரும் நல்ல செய்தி தொல்லையாகிவிட, ஒரு நாள் யாராவது வெளியீடு முழுவதையும், போட்டதெல்லாம் காணாமல்போகும் டெவ்-நல் குழியில் தள்ளிவிடும்படி வரியின் கடைசியில் சேர்த்துவிடுவார். அதன்பின் நிம்மதி. நல்லதும் வராது, கெட்டதும் வராது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைவிட எளிமையாக வைத்திருந்தோம். எல்லா ஜாப்களின் புகார்களும் ஒரே முகவரிக்குப் போகும். ஒரு நாள் எதற்கோ அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோதுதான், அதற்குரியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று எங்களுக்கு உறைத்தது. கிட்லேப் கதையைப் படித்துச் சிரிக்கும் தகுதி எங்களுக்கு இல்லை.

கிரானின் சூழலும் நம் லாகின் சூழலும் ஒன்றல்ல. நாம் டெர்மினலில் நுழைந்ததும் கிடைக்கும் பாதைகள், மாறிகள் எதுவும் அதற்கு வராது. கட்டளைகளைத் தேட இரண்டு மூன்று ஃபோல்டர்கள்தான் தெரியும். கிரான் வரியில் சதவீதக் குறி போட்டால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதில் இடறி விழுந்திருப்பார்கள். மாதத் தேதி, வாரக் கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று நாம் நினைப்போம். அது ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும்.

அதே ஜாப்பை இன்று அமைத்தால்

ஜென்கின்ஸ், ரன்டெக், கன்ட்ரோல்-எம், குபெர்னெட்டீஸின் கிரான்ஜாப், சிஸ்டம்-டியின் டைமர் என்று கருவி எதுவானாலும், திரையில் நிரப்பச் சொல்லும் பெட்டிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எந்தக் கட்டளை, எந்த நேரம், எந்தப் பயனர், தோற்றால் யாருக்குச் சொல்வது. கிட்லேப்பும் இந்த நான்கையும் நிரப்பித்தான் இருந்தது. அதனால் பெட்டிகளில் இல்லாததைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலாவது, கட்டளையின் முழு முகவரி. ‘பிஜி-டம்ப்’ என்று மட்டும் எழுதாமல் 9.6-இன் ஃபோல்டரிலுள்ள பிஜி-டம்ப் என்று முழுப் பாதையையும் எழுதியிருந்தால், பொதி எதைத் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வியே எழுந்திருக்காது. இதற்கும் ஒரு விலை உண்டு: அடுத்த பதிப்புக்கு மாறும்போது அந்த வரியை மறக்காமல் மாற்ற வேண்டும். எனக்கு இந்த விலை சம்மதம். மறந்தால் கட்டளை கிடைக்கவில்லை என்று பளிச்சென்று விழும். தானாக யூகித்துத் தவறான ஒன்றைப் பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். அதோடு, புதிய பிஜி-டம்ப் பழைய சர்வரைப் படிக்கும், பழையது புதியதைப் படிக்காது. ஆகவே யூகித்தே தீர வேண்டும் என்றால்கூட, புதிய பதிப்பின் பக்கம் சாய்வதுதான் புத்திசாலித்தனம். பொதி நேர்மாறாகச் சாய்ந்தது.

அப்புறம், தோல்வி தோல்வியாக வெளிவர வேண்டும். பேக்கப்பை எடுத்து அப்படியே சுருக்கும் கருவிக்குக் குழாய் வழியே அனுப்புவது வழக்கம். அப்படிச் செய்தால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் சொல்லும். முன்னால் இருந்த பிஜி-டம்ப் செத்தாலும், பின்னால் இருந்த ஜிஜிப் காலி உள்ளீட்டை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு ‘வெற்றி’ என்று சொல்லும். ஜாப் திரையில் பச்சை விளக்கு, கையில் 20 பைட் கோப்பு. பேஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்டின் தலையிலேயே போட்டுவிட்டால் இது தீரும். போதாதற்குக் கோப்பின் அளவையும் பாருங்கள்: நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் தோல்வி என்று வையுங்கள். 300 ஜிபி தரவுத்தளத்தின் பேக்கப் சில பைட்டுகளாக வந்தால் அது பேக்கப் அல்ல என்று ஒரு வரிக் கணக்கே சொல்லிவிடும்.

பழைய பேக்கப்களை அழிக்கும் விதியும் இதோடு சேர்ந்தது. ‘ஏழு நாளுக்கு மேற்பட்டதை நீக்கு’ என்று சேமிப்பகத்திலேயே விதி போட்டுவிட்டால், புதியது வந்தாலும் வராவிட்டாலும் அது நீக்கிக்கொண்டே இருக்கும். எட்டாவது நாள் பெட்டி காலி. நீக்கும் வேலையைப் புதிய பேக்கப் சரிபார்க்கப்பட்ட பிறகே ஓடும்படி ஜாப் சங்கிலியில் அடுத்த கண்ணியாக வைப்பது நல்லது. ஒரு ஜாப் முடிந்தால்தான் இன்னொன்று என்று கட்டும் வசதியைப் பெரிய ஷெட்யூலர்கள் எல்லாம் இதற்காகத்தான் தருகின்றன.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, செய்தி போகும் திசையைத் திருப்பிப் போடுவது. தோற்றால் சொல் என்று வைக்காமல், வென்றால் சொல், சொல்லாவிட்டால் நான் எழுப்பிவிடுகிறேன் என்று வைப்பது. ஜாப் வெற்றிகரமாக முடிந்ததும் அந்த நேரத்தை வேறொரு இடத்தில் பதிவு செய்யும். அந்த வேறொரு இடம், கடைசி வெற்றியிலிருந்து 26 மணி நேரம் ஆகிவிட்டால் மணியடிக்கும். கிட்லேப்பில் இது இருந்திருந்தால் எந்த மின்னஞ்சலும் போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லை. பதிப்பு தகராறா, சர்வர் செத்ததா, கிரான் நின்றதா, யாராவது அந்த வரியைக் கமென்ட் செய்துவிட்டு மறந்தார்களா, எதுவானாலும் 26 மணி நேரத்தில் மணி அடித்திருக்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ப்ரொமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவியில் ‘கடைசி வெற்றி 26 மணி நேரத்துக்கு முந்தையதா?’ என்று விதி எழுதினால், அந்த அளவீடே மறைந்துபோன நாளில் விதிக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. அதனால் எச்சரிக்கையும் வராது. மறுபடியும் அதே மௌனம், அதே தவறான வாசிப்பு. ‘அளவீடு இல்லவே இல்லை’ என்பதற்கென்று இன்னொரு விதியைத் தனியாக எழுத வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு யாரும் இல்லை, பட்டுத்தான் தெரிந்தது.

முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்குவது, சர்வர் அணைந்திருந்த நேரத்தில் தவறிய ஓட்டம் போன்றவை எளிதாகத் தீர்பவை. ஒரு பூட்டுக் கோப்பு முதலாவதைத் தீர்க்கும். குபெர்னெட்டீஸில் அதற்கென்றே தடை அமைப்பு உண்டு. தவறியதை எழுந்தவுடன் ஓட்டும் வசதியும் சிஸ்டம்-டி டைமரில் இருக்கிறது.

மீண்டது எப்படி

இரண்டாவது சர்வர் காலி, எஸ்3 காலி, அஷூர் ஸ்னாப்ஷாட் இல்லை. மிஞ்சியவை ஸ்னாப்ஷாட்கள்தான். தானாக எடுக்கப்பட்டது கிட்டத்தட்ட முழு நாள் பழையது. பிஜிபூல் சோதனைக்காக அந்தப் பொறியாளர் 17:20-க்குக் கையால் எடுத்துவைத்தது ஆறு மணி நேரம் பழையது. ஷெட்யூலுக்கு வெளியே, பேக்கப் என்ற நினைப்பே இல்லாமல் எடுத்த அந்த நகல்தான் கிட்லேப்பைக் காப்பாற்றியது.

அதை ஸ்டேஜிங்கிலிருந்து முதன்மைக்குக் கொண்டுவருவதும் எளிதாக இல்லை. ஸ்டேஜிங் மலிவான, மெதுவான வட்டில் இருந்தது. வேகம் 60 மெகாபிட் அளவுக்குமேல் ஏறவில்லை. நகலெடுக்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. நேரலையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு முன்னேற்றக் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேயும் ஒரு தானியங்கிக் கட்டளை குறுக்கே வந்தது. ஸ்னாப்ஷாட்டை ஸ்டேஜிங்கில் ஏற்றும் ஸ்கிரிப்ட், ஏற்றி முடித்ததும் எல்லா வெப்ஹுக்குகளையும் (ஏதாவது நடந்தால் வேறொரு சர்வருக்குத் தானாகச் செய்தி அனுப்பும் அமைப்புகளை) அழித்துவிடும். நல்ல நோக்கம்தான்: சோதனை சர்வரில் யாராவது எதையாவது தட்டி, வாடிக்கையாளர்களின் உண்மையான சர்வர்களுக்குச் செய்தி போய்விடக்கூடாதே. ஆனால் அன்று ஸ்டேஜிங்தான் பேக்கப். எனவே மீட்ட தரவுத்தளத்தில் ஒருவருடைய வெப்ஹுக்கும் இல்லை. அதே எல்விஎம் ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் படியை ஓட்டாமல் இன்னொரு இடத்தில் ஏற்றி, அந்த ஒரு அட்டவணையை மட்டும் வெளியே எடுத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிப்ரவரி 1, 18:00 யுடிசிவாக்கில் வேலை முடிந்தது.

போனது, சுமார் ஆறு மணி நேரத் தரவு. அவர்களுடைய கணிப்பில் ஏறத்தாழ 5,000 திட்டங்களின் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள். நிரல்கள் இருக்கும் கிட் ரெப்போக்களும் விக்கிகளும் கோப்பு சர்வர்களில் இருந்ததால் தப்பின.

பிறகு மாற்றியவை

அறிக்கையின் ஓர் இடம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்தது. பேக்கப் மீளுமா என்று ஏன் யாரும் சோதிக்கவில்லை என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அது யாருடைய பொறுப்பாகவும் இல்லை என்பது பதில். ஆகவே தரவின் நிலைத்தன்மைக்கு என்று ஒருவரைப் பொறுப்பாக்க முடிவு செய்தார்கள். ஸ்னாப்ஷாட் மணிக்கு ஒன்று ஆனது. பேக்கப்களை ப்ரொமிதியஸால் கண்காணிப்பது, எடுத்த பேக்கப்பைத் தானாகவே மீட்டுப் பார்த்துச் சோதிப்பது, மாற்றப் பதிவுகளைத் தொடர்ந்து சேமிப்பது என்று வேலைப் பட்டியல் நீண்டது. எந்த சர்வரில் நிற்கிறோம் என்று பளிச்சென்று தெரியும்படி டெர்மினல் முகப்பையும் மாற்றினார்கள். செய்தித்தாள்களுக்குப் பிடித்தது அந்தக் கடைசி மாற்றம். எனக்குப் பிடித்தது தானாக மீட்டுப் பார்ப்பது. பேக்கப் ஜாப்பின் கடைசிப் படி ஏற்றுவதில் முடியக்கூடாது; எங்காவது ஒரு காலி சர்வரில் இறக்கி, ஒரு அட்டவணையின் வரிகளை எண்ணிப் பார்ப்பதில்தான் அது முடிய வேண்டும்.

மீட்பின்போது செய்த சின்ன வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாக ஓர் எண் உண்டு. ஆறு மணி நேரம் பின்னால் போனதால், தொலைந்த பதிவுகளுக்குக் கொடுத்திருந்த எண்களையே அது புதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். அந்த எண்கள் அதற்குள் எந்தெந்த கேஷிலும் (தற்காலிகச் சேமிப்பிலும்), யாருடைய சர்வரிலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தனவோ. அதனால் எல்லா வரிசைகளையும் 1,00,000 முன்னால் தள்ளிவைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தார்கள்.